துண்டுக்கு அடியில் இருந்த கை

பிரஜோற்பத்தி வருஷம் ஆவணி மாதத்தில் எங்கள் ஊர் முனிசிபல் தேர்தலுக்கு மனுக் கொடுக்கும் நாள் முடிந்து, மனுக்களைப் பரிசீலிக்க நான்கு நாள் இருந்தபோது, சுபேதார் டாக்டர் சிட்டிபாபு எங்கள் கடைக்கு வந்தார். எங்கள் கடை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். கடை கண்ணாயிர முதலியாருடையது. பட்டு நூலும் சேலையும் மொத்தமாக வாங்கி விற்கும் கடை. நான் அங்கே நான்கு வருஷமாகக் குமாஸ்தா. முதலியார் ஒன்பது வருஷமாக அந்த வார்டுக்குக் கௌன்சிலர். இந்தத் தடவை அவரை எதிர்த்து நிற்கிறவர் டாக்டர் ஒருவர்தான். அவர் எதிராளியின் கடைப் படியேறி வந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

டாக்டருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பட்டாளத்தில் வைத்தியராக இருந்து, பெரிய யுத்தத்தில் பாஸ்ரா வரைக்கும் போய், சுபேதார் பட்டத்தோடும் பென்ஷனோடும் திரும்பியவர். பிள்ளையார்பாளையத்தில் வைத்தியசாலை வைத்திருக்கிறார். அவர் பிறந்தது இந்த ஊரில்தான். ஆனால் அவருடைய தாய் தகப்பன் தாது வருஷப் பஞ்சத்தில் கடப்பைப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர்கள். தென்னேரி ஏரிக்கரையில் பஞ்ச வேலையாக மண் சுமந்து, கஞ்சி குடித்து, பிறகு இங்கேயே தங்கிவிட்டார்கள். ஐம்பத்தைந்து வருஷம் ஆகியும் ஊர் அதை மறக்கவில்லை. ‘பஞ்சம் பிழைக்க வந்தவன் மகனுக்கு நாற்காலியா’ என்று முதலியாரின் ஆட்கள் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்க டாக்டர். உக்காருங்க, மோர் சாப்பிடறீங்களா?” என்றார் முதலியார்.

“வேணாங்க. வரச் சொன்னீங்களாம்” என்றார் டாக்டர். முழுக்கைச் சட்டையின் பொத்தான் மணிக்கட்டு வரைக்கும் போட்டிருந்தது.

முதலியார் தோளில் இருந்த துண்டை எடுத்துத் தன் வலக்கையின் மேல் போட்டுக்கொண்டு, டாக்டருக்கு முன்னால் நீட்டினார்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தெரியக் கூடாது. ஆகையால் விற்கிறவனும் வாங்குகிறவனும் துண்டுக்கு அடியில் கை கோத்துக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று. முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அது பத்தா நூறா என்பது சரக்கைப் பார்த்தாலே தெரியும். மாட்டுச் சந்தையிலும் இதே வழக்கம்தான். டாக்டர் இந்த ஊரில் வளர்ந்தவர், அவருக்கு இது தெரியாமல் இராது. கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன் வலக்கையைத் துண்டுக்குள் விட்டார்.

எனக்கு எதற்கும் மணி பார்க்கிற பழக்கம் உண்டு. நல்ல பழக்கமா என்று தெரியாது. சாதாரணமாகப் பேரம் கால் நிமிஷத்தில் முடியும். அன்று ஏறக்குறைய இரண்டு நிமிஷம் ஆயிற்று. முதலியாரின் முழங்கை ஒரு தடவை அசைந்தது. அவர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி முழங்கை அசைந்தது. அப்போதும் டாக்டர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில் முதலியாரே கையை இழுத்துக்கொண்டார்.

“வரேங்க” என்று டாக்டர் எழுந்து போனார்.

முதலியார் உள்ளங்கையைத் துண்டில் துடைத்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையின் மேற்பார்வையும் தேர்தல் வேலையும் பார்க்கும் அர்ஜுனன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“அர்ஜுனா, கையைப் புடிச்சு அமுக்கினா மனுஷனுக்கு ஒணரணுமா இல்லியா?”

“ஒணரணும் முதலாளி.”

“ரெண்டு தபா அமுக்கினேன். மரக்கட்டையப் புடிச்சாப்பல இருக்குது.”

“பட்டாளத்துலருந்து அவரை ஏன் அனுப்பிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்?” என்றான்.

அவ்வளவுதான் பேசினார்கள். அன்று விளக்கு வைப்பதற்குள் ஊரில் பேச்சு வேறாகிவிட்டது. டாக்டருக்குக் கையில் உணர்ச்சி இல்லையாம். உணர்ச்சி இல்லை என்றால் அது குஷ்டம், பெருவியாதியாம். பெருவியாதிக்காரன் கௌன்சிலுக்கு நிற்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம். சட்டம் இருப்பது உண்மைதான். நான் மறுநாள் முனிசிபல் ஆபீசில் புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தேன்.

அந்தப் பேச்சு எனக்கு முன்னால் சின்ன காஞ்சிபுரம் வந்து எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்திருந்தது. ஆடி மாதம் அம்மாவுக்கு ஜுரம் வந்தபோது இந்த டாக்டர்தான் வந்து பார்த்தார்.

“எந்தக் கையால நாடி பிடிச்சார், ஞாபகம் இருக்கோ நோக்கு?” என்று அம்மா கேட்டாள்.

“வலது கை.”

“நன்னாப் பாத்தியோ?”

“பாத்தேன் அம்மா. வலது கைதான்.”

அம்மா கிணற்றடிக்குப் போய் மணிக்கட்டில் புளியைத் தேய்த்துக் கழுவினாள். ஜுரம் வந்து போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு காகிதத்தில் கோடு போட்டு, ஒரு பக்கம் சந்தேகத்துக்குக் காரணங்களை எழுதினேன். பங்குனி வெயிலிலும் முழுக்கைச் சட்டை. யார் வீட்டிலும் பந்தியில் உட்காருவதில்லை. மோர் கொடுத்தால் வேண்டாம் என்கிறார். மருந்துச் சீட்டு எழுதும்போது பேனாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மட்டும் பிடிக்கிறார். எதிர்ப்பக்கத்தில் எழுத உட்கார்ந்தேன். முழுக்கைச் சட்டை பட்டாளத்துப் பழக்கமாக இருக்கலாம். பந்தியில் உட்காராதது, நம்மவர்கள் கூப்பிடாததால் இருக்கலாம். பேனா விஷயத்துக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் பிள்ளையார்பாளையம் வழியாகப் போனேன். வழக்கமாக வைத்தியசாலை வாசல் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அன்று பெஞ்சு காலி. பட்டு நூல் முறுக்கும் பூவம்மாள் போன வாரம்தான் அங்கே தன் குழந்தையின் கட்டிக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டாள். அன்று அவள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவின் மறு ஓரமாகப் போனாள். உள்ளே டாக்டர் தனியாக உட்கார்ந்து பழைய பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். மனு தள்ளுபடி ஆனால் முதலியார் ஓட்டெடுப்பு இல்லாமலே ஜெயிப்பார். ஆனால் டாக்டருக்குப் போவது கௌன்சில் நாற்காலி மட்டும் இல்லை. இந்த வியாதி என்று அதிகாரி ஒருவர் எழுதிவிட்டால் பிறகு யார் அவரிடம் கையை நீட்டுவார்கள்?

அன்று சாயங்காலம் டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்தேன். ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் எனக்கு மிஷின். ஆறேகாலுக்கு அர்ஜுனன் மாடிப்படி ஏறி வந்தான்.

“சாமி, ஒரு ஆட்சேபணை மனு அடிக்கணும். நான் தமிழ்ல சொல்றேன், நீ இங்கிலீஷ்ல தட்டு.”

“வக்கீல்ட்ட போகலாமே.”

“வக்கீல் கிட்டப் போனா ஊரு பூரா தெரிஞ்சிடும். நீ நம்ம ஆளு. சாட்சியும் நீதான்.”

“நான் எப்படிச் சாட்சி? நான் கையைப் பாக்கலையே.”

“துண்டு போட்டிருந்தா யாரு பாக்க முடியும்? மொகத்தப் பாத்த இல்ல? அது போதும்பா.” பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டான். “மொதல்ல மூணு விரல் புடிச்சாரு முதலாளி. மூணு நூறு. கம்னு இருக்கிறான். அப்பறம் முழுக் கை. அஞ்சு நூறு சாமி. பென்ஷன் வாங்குற ஆளு, ஒணர்ச்சி இருந்தா எழுந்து கூத்தாடி இருக்கமாட்டான்?”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. முந்நூறும் ஐந்நூறும் டாக்டர் மனுவை வாபஸ் வாங்குவதற்கு. கடையில் உட்கார்ந்திருந்தும் அது எனக்கு உடனே தோன்றவில்லை. கண்ணெதிரே நடந்ததே புரியாத நான் ஒரு மனிதனுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லலாமா என்று நினைத்தேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது. ஐந்நூறு ரூபாய்க்குச் சரி என்றும் சொல்லாமல், கையையும் இழுக்காமல், இரண்டு நிமிஷம் ஒருவர் எதற்காக உட்கார்ந்திருப்பார்? ஒன்று, அவருக்கு உணரவில்லை. இல்லாவிட்டால், ஆயிரம் வரும் என்று காத்திருந்தார். இரண்டும் நல்லதாக இல்லை.

அர்ஜுனன் சொல்லச் சொல்லத் தட்டினேன். மேற்படி டாக்டரின் வலக்கையை முதலியார் இரண்டு முறை அழுத்தியும் அவருக்கு உணர்ச்சி இல்லை; கடை குமாஸ்தா அழகியமணவாளன் கூட இருந்து பார்த்தார்.

“எப்படி அழுத்தினார்னு எழுதறது?” என்று கேட்டேன்.

“வழக்கமா எப்படியோ அப்படி. துண்டு போட்டு.”

“அதையும் போடணுமா?”

“போடு சாமி. சும்மா ஒரு ஆம்பள கையப் புடிச்சு அமுக்கினாருன்னா கேக்கறவன் சிரிப்பான்.”

இந்த ஊரில் ஒருவன் துண்டுக்குள் கை விடுவது கும்பிடு போடுவது மாதிரி. அதில் விசேஷமாக ஒன்றும் இருப்பதாக அர்ஜுனனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதா? விரல்கள் அந்த வரியில் கொஞ்சம் நின்றது ஞாபகம் இருக்கிறது. ‘வியாபார வழக்கப்படி துண்டின் கீழ்’ என்று தட்டினேன். அந்த வரியை வேண்டுமென்றே இருக்கவிட்டேனா, சொன்னதைத் தட்டுகிறவன் என்பதால் இருக்கவிட்டேனா என்று இன்றைக்கும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மனுவை மூன்று பிரதி எடுத்தேன். சாட்சி இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடை வேலை போய்விடும் என்று பயந்துதான் போட்டேன்.

பரிசீலனை முனிசிபல் ஆபீசில் நடந்தது. அதிகாரி ஒரு டிப்டி கலெக்டர், சேலம் பக்கத்துக்காரர், எங்கள் ஊருக்குப் புதிது. மேஜைக்கு ஒரு பக்கம் முதலியாரும் அர்ஜுனனும். எதிர்ப்பக்கம் டாக்டர் தனியாக. அவருடைய வலக்கை கோட்டுப் பையில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பிரமாணம் செய்யச் சொன்னார்.

“தம்பி, நீ என்ன பார்த்தே? பார்த்ததை மட்டும் சொல்லு.”

“ரெண்டு பேர் கையும் துண்டுக்கு அடியில இருந்தது. டாக்டர் முகம் மாறலை.”

“எவ்வளவு நேரம்?”

“ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். கடிகாரம் பார்த்தேன்.”

“ஏன் பார்த்தே?”

“பழக்கம் சார்.”

அதிகாரியின் மீசை கொஞ்சம் அசைந்தது. “எங்க அப்பாரு மாட்டுச் சந்தையிலே முப்பது வருஷம் தரகு பார்த்தவரு” என்றார். “துண்டு போட்டா முன்னாலே சரக்கு நிக்கணும். என்ன சரக்கு நின்னுது?”

நான் முதலியாரைப் பார்த்தேன்.

“சேலை எதுவும் பிரிச்சுப் போட்டிருந்ததா?”

“இல்லை.”

“நூல்?”

“இல்லை சார்.”

அதிகாரி முதலியார் பக்கம் திரும்பினார். “டாக்டர் பட்டு வியாபாரம் பண்றாரா முதலியார்?”

“இல்லீங்க. அவரு... அது சும்மா...”

“அப்போ எதுக்கு விலை பேசுனீங்க? எத்தனை விரல் பிடிச்சீங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன். விரல் கணக்குத் தெரிஞ்சாத்தானே உணர்ச்சி உண்டா இல்லையான்னு நான் முடிவு பண்ண முடியும்.”

அர்ஜுனன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவனுக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

“ஆட்சேபணைய வாபஸ் வாங்கிக்கிறேங்க” என்றார் முதலியார்.

“நல்லது. டாக்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா? இதுலே வேற ஒரு குற்றம் இருக்குது. நீங்க எழுதிக் கொடுத்தா நான் மேலே அனுப்பலாம்.”

“ஒண்ணும் இல்லீங்க” என்றார் டாக்டர்.

அதிகாரி அவர் மனுவில் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டார். கையைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டாக்டரும் காட்டவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சுத்தமான கையாக இருந்தால் மேஜை மேல் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாமே.

நான் வெளியே வந்தபோது டாக்டர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“தம்பி, அம்மாவுக்கு ஜுரம் திரும்பி வந்துச்சா?”

“இல்லை சார். நன்னா இருக்கா.”

அவர் தலையசைத்தார். நான் போயிருக்கலாம். ஆனால் நான்கு நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கி நீங்க கையை உடனே எடுக்கலையே. ஏன்?”

டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவன் யார் ஆள் என்று யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“எடுத்திருக்கணும். தப்புதான்” என்றார். “எங்கப்பன் ஒரு வேளை கஞ்சிக்கு மண்ணு சுமந்தாரு. அவரு புள்ளைக்கு இந்த ஊர்ல இன்னா வெல வெக்கிறாங்கன்னு பாக்கலாம்னு ஒரு ஆசை. வேற ஒண்ணும் இல்ல.”

“பார்த்தேளா?”

“பாத்தேன். மொதல்ல எரநூறு. அப்பறம் ஒரே தாவா ஐந்நூறு. முதலியார் அவசரக்காரர்.” அவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலில் மூன்று விரல் என்று அர்ஜுனன் சொல்லியிருந்தான். முதலியார் விரல் பிடிப்பதில் தப்புச் செய்து நான் பார்த்ததில்லை. நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. மூன்று விரலைச் சேர்த்துப் பிடிக்கிறவர் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும்தான் பிடிப்பார். டாக்டருக்கு அதில் இரண்டுதான் தெரிந்திருக்கிறது.

அவருடைய வலக்கை இப்போது பையிலிருந்து வெளியே வந்து சைக்கிள் பிடியின் மேல் இருந்தது. மோதிர விரலும் சுண்டு விரலும் பிடியைச் சுற்றவில்லை, கொஞ்சம் மடங்கி வெளியே நின்றன. சட்டைக்கை மூடியிருந்ததால் அதற்கு மேலே தழும்பு ஏதாவது இருந்ததா என்று தெரியவில்லை. யுத்தத்தில் குண்டு பட்டவர்களுக்கும் இப்படி ஆகும் என்று படித்திருக்கிறேன். அந்த வியாதியிலும் இப்படித்தான் ஆகும்.

“முந்நூறு இல்லையா சார்?” என்றேன்.

டாக்டர் என் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டார். கையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டுதான்” என்றார். இடக்கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனார்.

தெரு முனையில் அர்ஜுனன் நின்றுகொண்டிருந்தான்.

“இன்னா சாமி, நல்லா வெச்ச முதலாளிக்கு.”

“நீங்க சொன்னதைத்தானே தட்டினேன்.”

“அது சரி. நாளைக்குக் கடைக்கு வரவேணாம்னு முதலாளி சொல்லிட்டாரு.” அவன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “இம்மாம் நேரம் அந்த ஆளோட பேசிக்கினு இருந்தியே. இன்னா சொன்னான்?”

“அம்மாவுக்கு ஜுரம் எப்படின்னு கேட்டார்.”

“கை?”

“கையைப் பத்தி அவர் ஒண்ணும் சொல்லலை.”

“ஓட்டுக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்குது சாமி. கையில ஏதாவது பாத்தேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா, நானே முதலாளி கிட்ட பேசி உன்னத் திரும்பிச் சேக்கறேன். அதிகாரி வேணாம், சட்டம் வேணாம். ஊருக்குத் தெரிஞ்சா போதும்.”

அந்த ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அதைச் சொன்னால் வேலை கிடைக்கும். டாக்டரின் பெஞ்சு காலியாகவே இருக்கும். அவருக்கு இருப்பது அந்த வியாதிதான் என்றால், நான் சொல்லாமல் விடுவதால் எத்தனை பேர் நாடியை அவர் பிடிப்பார் என்றும் நினைத்தேன். என் அம்மாவின் நாடியை ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது.

“ஒண்ணும் பார்க்கலை” என்றேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சாச்சு.”

அவன் நம்பவில்லை. நானும் என்னை முழுதும் நம்பவில்லை. சின்ன காஞ்சிபுரம் வரைக்கும் நடந்தே போனேன். வழியில் தோள் துண்டை வலக்கையின் மேல் போட்டு, இடக்கையை உள்ளே விட்டு, மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். எதிரே வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். மெதுவாகப் பிடித்தேன், அழுத்திப் பிடித்தேன், வேறு எதையோ நினைத்துக்கொண்டும் பிடித்தேன். எனக்கு ஒவ்வொரு தடவையும் மூன்று என்றே தெரிந்தது.